செக்ரோலில் ஏறாத பெயர்கள்: சேர்வராயன் மலையில் வேலையும் வேலைநீக்கமும்



பாபாசாகேப் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு ஆட்குறைப்பை நான் பொருளாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. நாளிதழ்கள் பல நாள் எழுதின. நன்றாகப் படித்தவர்கள், ஒழுங்காக வேலை செய்தவர்கள், ஒரே மின்னஞ்சலில் வெளியே போகிறார்களே என்ற அதிர்ச்சி அந்தச் செய்திகளில் இருந்தது. அந்த வேதனை உண்மையானது. நம் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் பெரிய நிறுவனம் ஆளை வெளியே தள்ளுவது இன்றைக்குத் தொடங்கியதுபோலப் பேசும்போது ஒரு நீண்ட வரலாறு மறைந்துபோகிறது.

அந்த வரலாற்றைச் சேலத்துக்கு வடக்கே நிற்கும் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். மலைமேல் காப்பித் தோட்டம், உச்சிக்கு அருகில் பாக்சைட் சுரங்கம், அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம். மூன்று தொழில்களிலும் பெரிய முதலாளிகள் வந்தார்கள், ஆள் சேர்த்தார்கள், ஆள் குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வெளியே அனுப்பப்பட்டவர்களில் யார் கணக்கில் இருந்தார்கள், யார் கணக்கிலேயே இல்லை?

போகக் கூடாது என்ற சட்டம்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் காடு தோட்டமானது. மலையில் ஏற்கெனவே மலையாளிகள் வாழ்ந்தார்கள். கேரளத்தவரைச் சொல்லவில்லை, மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளும் பழங்குடியினரைச் சொல்கிறேன். அவர்களுக்கு ஊர் இருந்தது, காடு இருந்தது, சாமை விளையும் நிலம் இருந்தது. துரையின் தோட்டத்துக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் சமவெளியிலிருந்தும் வந்தார்கள். நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்கள், கங்காணியும் மேஸ்திரியும் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறினார்கள்.

ஏன் ஏறினார்கள் என்பதற்குப் பதில் சமவெளியில் இருக்கிறது. 1876–78 பஞ்சம் சேலம் மாவட்டத்தை எப்படித் தின்றது என்பதை மக்கள்தொகைக் கணக்கே சொல்லும். 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம் பேர். பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்களிலும் ஊரைவிட்டுப் போனவர்களிலும் யார் அதிகம் என்று இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு, அடிமைத்தனத்தைச் சட்டம் இனி ஏற்காது என்றது. பண்ணையாள் ஒருவனை என் உடைமை என்று எவரும் நீதிமன்றத்தில் கோர முடியாது. பதினாறே ஆண்டுகளில், 1859இல், வேலை ஒப்பந்த மீறல் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவன்மீது குற்ற நடவடிக்கை எடுக்கலாம். மாஜிஸ்திரேட் சொன்ன பிறகும் அவன் வேலைக்குத் திரும்பாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலில் பெருநகரங்களுக்காக இயற்றப்பட்ட இந்தச் சட்டம் பிறகு தோட்டப் பகுதிகளுக்கும் விரிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு அதுவும் போதவில்லை. அவர்கள் கேட்டுக்கேட்டு, 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் பெற்றார்கள்.

முதலாளி கூலியைத் தராமல் இழுத்தால் அது பணத் தகராறு. தொழிலாளி தோட்டத்தை விட்டு இறங்கினால் அது குற்றம். 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1926இல்தான் முடிவுக்கு வந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டத்தை 1927இல் நீக்க முடிவானது. ஆக, முக்கால் நூற்றாண்டுக்குக் கிட்ட நம் முன்னோருக்கு வேலையை விடும் உரிமை இல்லை. வேலைநீக்கத்தின் வரலாற்றை இங்கிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். ஆள் தேவைப்பட்ட காலத்தில் கட்டிவைத்த அதே கை, தேவை தீர்ந்த காலத்தில் அவிழ்த்துவிட்டது. இரண்டு முடிவிலும் தொழிலாளியைக் கேட்டவர் இல்லை.

பெயர் பதிவு என்றால் என்ன

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு என்றார்: பார்ப்பனியமும் முதலாளித்துவமும். பம்பாய் நெசவாலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவரைச் சேர்ப்பதில்லை என்பதை அவர் அறிவார். அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், அதனால் தீட்டு என்பது காரணம். முதலாளிக்கு எதிராக ஒன்றாக நின்ற தொழிலாளிகள் அந்த வாசலில் தனித்தனியாக நின்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய பம்பாய் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, பொதுவுடைமையாளர்களோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவர்தான். சாதியைப் பேசியதால் வர்க்கத்தைக் கைவிட்டார் என்பவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளும் போதும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது அவர் போட்ட அடித்தளத்தின்மேல் சுதந்திர இந்தியாவின் தொழிலாளர் சட்டங்கள் எழுந்தன. 1947இல் தொழில் தகராறு சட்டம். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, மருத்துவம், குழந்தைகளுக்குப் பள்ளி, குடிநீர் எல்லாம் முதலாளியின் கடமையாயின. 1953இல் ஆட்குறைப்புக்கு விதி வந்தது. ஒரு மாத அறிவிப்பு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் சேர்ந்தவரை முதலில் நிறுத்துவது என்ற ஒழுங்கு. தற்காலிகமாக வேலை நிறுத்தினால் பாதிச் சம்பளம். அடுத்த ஆண்டு இது தோட்டங்களுக்கும் பொருந்தும் என்று ஆக்கப்பட்டது.

செக்ரோலில் பெயர் ஏறுவது தோட்டத்து மனிதருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது இதனால் விளங்கும். சமவெளியில் சேரியிலிருந்து வந்தவருக்கு, அரசு பார்க்கும் ஒரு தாளில் அவர் பெயர் எழுதப்படுவதற்கு அதுவே முதல் இடமாக இருந்திருக்கலாம். அந்தப் பெயரை வைத்து லைன் வீடு, போனஸ், கிராஜுவிட்டி, சங்கம்.

ஆனால் இந்தச் சட்டங்களில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, எண்ணிக்கை. 1951ஆம் ஆண்டுச் சட்டம் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கு மட்டுமே. 1981 திருத்தம் அதை 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று இறக்கியது. பெரிய எஸ்டேட்டுகளின் இடையில் சிறு தோட்டங்களும் நிறைந்த சேர்வராயனில், வேலியின் இந்தப் பக்கம் உரிமையும் அந்தப் பக்கம் வெறும் கூலியும் இருந்தன.

இரண்டாவது, வீடு. முதலாளி வீடு தர வேண்டும் என்றது சட்டம். அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போகும். நகரத்தில் வேலை இழந்தவர் வாடகைக்கு அலைவார். அவருக்கு ஓர் ஊராவது இருக்கும். மூன்று தலைமுறை லைன் வீட்டில் வாழ்ந்தவர் இறங்கிப் போக எந்த ஊர் இருக்கிறது?

இதோடு இன்னொரு சட்டத்தைச் சேர்த்துப் படியுங்கள். 1961ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம், ஏற்கெனவே இருந்த காப்பி, தேயிலை, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் கெடும், பல பேருக்கு வேலை போகும் என்பது இத்தகைய விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம். உங்களுக்கு நிலம் தர முடியாது, ஏனென்றால் உங்களுக்கு வேலை தருகிறோம் என்பது அதன் பொருள். 1892இன் பஞ்சமி நிலம் பறிபோனதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வேலையின் பெயரால் கொடுக்கப்படாமலே போன நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

அடிவாரத்து வெள்ளைக்கல்

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெளுத்துத் தெரியும் மேடுகள்தாம் மேக்னசைட் பூமி. ஊர்க்காரர் சொல்லுக்கு வெள்ளைக்கல். எஃகு உலைகளின் உள்சுவருக்கு வேண்டிய தீச்செங்கல் இதிலிருந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு தோண்டத் தொடங்கிவிட்டார்கள். பர்ன் கம்பெனி வந்தது, டால்மியா வந்தது. பர்ன் நிறுவனம் 1976இல் நாட்டுடைமையாகி பர்ன் ஸ்டாண்டர்ட் ஆனது. 1979இல் மாநில அரசின் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் உருவானது.

நாட்டுடைமை என்ற சொல்லை ஒரு தலித் தொழிலாளி கேட்கும் விதமே வேறு. தனியார் முதலாளியிடம் இடஒதுக்கீடு கிடையாது. அரசு நிறுவனமானால், மத்திய அரசில் 15 விழுக்காடு, மாநில அரசில் 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு. கல் உடைத்தவரின் மகன் அதே கம்பெனியில் எழுத்தராக, ஃபிட்டராக, மேற்பார்வையாளராக உட்கார வழி திறந்தது. அம்பேத்கர் கேட்ட இரண்டும், அதாவது தொழிலாளர் உரிமையும் சாதி நீதியும், ஒரே வேலை உத்தரவில் சேர்ந்து வந்த காலம் அது.

அந்தக் கதவு இரண்டு விதமாக மூடியது. ஒன்று, கண்ணுக்குத் தெரிந்த மூடல். பர்ன் ஸ்டாண்டர்ட் 1990களில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அதன் சேலம் பிரிவு 2011 டிசம்பரில் செயில் நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பிழைத்தது. மேற்கு வங்கத்தில் எஞ்சியிருந்த தாய் நிறுவனத்தை மூட 2018 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது, 508 ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு என்றார்கள். நூற்றாண்டு கடந்த கம்பெனியின் கடைசிக் கணக்கு 508 பேர்.

இன்னொரு மூடல் கண்ணுக்குத் தெரியாதது. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறுவார். அந்த இடம் நிரப்பப்படாது. வேலை மட்டும் ஒப்பந்தக்காரரிடம் போகும். யாரையும் நீக்கவில்லை, ஆனால் பணியிடம் போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் முறையைத் தடைசெய்தால்கூட அவர்கள் தாமாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், செயில் நிறுவனம் தொடர்பான வழக்கிலேயே தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரரின் ஆளெடுப்பில் இடஒதுக்கீடு இல்லை. ஆக, அதே சுரங்கத்தில் அதே கல்லை உடைக்கும் மனிதர் சட்டத்தின் பார்வையில் வேறு மனிதராகிறார். கடந்த பத்தாண்டில் சுற்றுச்சூழல் அனுமதிப் பிரச்சினையால் இந்தச் சுரங்கங்களில் வேலை நின்றபோதும் இதே பாகுபாடுதான். நிரந்தரத் தொழிலாளிக்காகப் பேச ஒரு சங்கமும் ஒரு கோப்பும் இருக்கும். தினக்கூலிக்கும் லாரியில் ஏற்றுபவருக்கும் வேலை நின்ற நாளே கணக்கு முடிந்த நாள்.

உச்சியில் பாக்சைட்

மலைமேல் இன்னொரு கம்பெனி. மேட்டூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம், அதாவது மால்கோ, சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியது. அலுமினிய உலைக்கு மின்சாரம்தான் உயிர். மின்கட்டணச் சிக்கலில் 1991இல் ஆலை நின்றது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் அதை எடுத்து ஓட்டியது. 2003இல் அந்தக் குழுமத்தின் தாய் நிறுவனமான வேதாந்தா லண்டன் பங்குச் சந்தையில் ஏறியது.

2008 ஜூலையில் அலுமினியம் டன் 3,000 டாலருக்கு மேல் விற்றது. உலக நிதி நெருக்கடி வந்து அந்த ஆண்டு முடிவதற்குள் விலை ஏறத்தாழ பாதியானது. நவம்பரில் மேட்டூர் உலை நிறுத்தப்பட்டது. சுரங்கம் ஏற்காட்டில், உலை காவிரிக்கரையில், விலை லண்டனில். ஏற்காட்டில் மண் அள்ளியவர் ஒரு நாள்கூடக் குறைவாக உழைக்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுரங்கம் நின்றதால் மலைக்கும், சேர்வராயன் கோயிலைத் தங்கள் தெய்வத்தின் இடமாகக் கொண்ட மலையாளி மக்களுக்கும் நன்மைதான். சுரங்கத்தைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பழங்குடியினரின் காட்டையும் தலித்துகளின் வேலையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது முதலாளிக்கு வசதியான பேச்சு. மூடுவதிலும் ஒரு நீதி உண்டு. 2003 முதல் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் கட்டாயம். இறுதி மூடல் திட்டத்தில் மரம் நடுவதோடு, மூடுவதால் வேலை இழப்பவர்களைப் பற்றிய பகுதியும் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சுரங்கங்களின் திட்டத்தில் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அறிவிப்பே இல்லாத ஆட்குறைப்பு

மீண்டும் காப்பிக்கு வருவோம். 1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை உடைந்தது. இந்தியாவில் காப்பி வாரியமே கொள்முதல் செய்து விற்ற முறையும் 1992 தொடங்கி 1996க்குள் படிப்படியாக முடிந்தது. விலை ஏறிய ஆண்டில் லாபம் தோட்டக்காரருக்கு. 2002 வாக்கில் உலக விலை ராத்தலுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தபோது, நட்டம் தொழிலாளிக்கு.

எப்படி? ஐ.டி. கம்பெனியைப் போல மின்னஞ்சல் வரவில்லை. ஓய்வு பெற்ற பெண்ணின் இடத்தில் அவர் மகள் வேலைக்கு வருவாள், ஆனால் பெயர் பதிவு இல்லாமல். கவாத்துக்கு இத்தனை ஆள், பழம் பறிப்புக்கு இத்தனை ஆள் என்று பருவத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டுக்கென்றே 1981இல் ஒரு சட்டம் உண்டு: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரமாவார். அந்த எண்ணை எட்டாமல் பார்த்துக்கொள்வதே பல இடங்களில் நிர்வாகத் திறமை என்றாயிற்று. இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கினார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு இன்று வட மாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்களிலும் தலித்துகளும் பழங்குடியினரும் நிறைய. அன்று கங்காணி செய்ததை இன்று ஏஜெண்ட் செய்கிறார்.

இடையிடையே தோட்டம் விடுதியாகிறது, வில்லா மனையாகிறது. வேலை தருவதற்காக உச்சவரம்பு விலக்குப் பெற்ற நிலத்தில் வேலை சுருங்கிவிட்டது. விலக்கு மட்டும் சுருங்கவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு மாஞ்சோலை சாட்சி. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனி எடுத்த காடு அது. அங்கு தேயிலை வளர்த்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தலித்துகள். கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனபோது, 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதே தொழிலாளர்களிடம் 2024இல் விருப்ப ஓய்வுக் கடிதம் நீட்டப்பட்டது. குத்தகை முடிகிறது, வேலை முடிகிறது, வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறை வாழ்ந்த ஊரைவிட்டுப் போவதற்கு அந்தக் கடிதம் வைத்த பெயர் விருப்பம்.

இனி நாம் செய்ய வேண்டியது

1976இல், 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டங்களில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. பிறகு அது 100 பேர் என்று ஆக்கப்பட்டு 1984இல் நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை மீண்டும் 300 ஆக்கியிருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறோம். 299 பேர் வேலை செய்யும் தோட்டமும் சுரங்கமும் இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறித்த கால வேலை என்ற பெயரில், முடிவுத் தேதியோடு வரும் நியமனமும் இனி சட்டப்படி சரி. காலம் முடிந்ததும் அது ஆட்குறைப்பு என்று எண்ணப்படாது.

ஆகவே நம் கோரிக்கை, நீக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்பதோடு நிற்க முடியாது. வேலையோடு கட்டப்படாத வீட்டுமனைப் பட்டா, தொழிலாளியின் பெயரில் வேண்டும். எத்தனை பேருக்கு நிரந்தர வேலை தருகிறது என்பதைப் பொறுத்தே ஒரு தோட்டத்தின் உச்சவரம்பு விலக்கு நீடிக்க வேண்டும். அரசு நிறுவனம் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டால், அந்த ஒப்பந்த வேலையிலும் இடஒதுக்கீடு வேண்டும். ஐ.டி. ஊழியரும் தோட்டத் தொழிலாளியும் ஒரே மேடைக்கு வர வேண்டும். அந்த மேடையில் சாதியைப் பேசாதே என்று யாராவது சொன்னால், மன்மாடில் நம்மிடம் என்ன சொல்லப்பட்டது என்பதை நினைவூட்ட வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அடுத்த விடுமுறையில் மலை ஏறுங்கள். லைன் வீட்டுப் பெட்டிகளில் பழைய சம்பளச் சீட்டும் வருங்கால வைப்புநிதிச் சீட்டும் சங்கச் சந்தா ரசீதும் இருக்கும். அவற்றைப் படியெடுங்கள். எந்த ஆண்டு பெயர் ஏறியது, எந்த ஆண்டு நின்றது, அதற்குப் பிறகும் எத்தனை ஆண்டு பெயரில்லாமல் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். பழம் பறித்ததும் கல் பொறுக்கியதும் பெரும்பாலும் பெண்கள்தாம்.

நீக்கப்பட்டார்கள் என்று நிரூபிக்க, முதலில் இருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிர்வாகத்தின் செக்ரோலில் ஏறாத பெயர்களை நம்முடைய பதிவேட்டில் ஏற்றுவோம். நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நாளை நாம் போகும்போது கையில் அது இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.